காற்றுக் குடித்த மோட்டார்

செப்டம்பர் 2, செவ்வாய்

சுகாதார நிலையத்து டாக்டரம்மா இந்த நோட்டை வாங்கச் சொன்னார். ரத்தக் கொதிப்பு கூடுதலாக இருக்கிறதாம். "மாத்திரை மட்டும் பத்தாது. எந்த நாள்ல எதுக்குக் கோபம் வருதுன்னு எழுதி வைங்க. ஒரு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார்.

எனக்குக் கோபமே வருவதில்லை என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி பிரகாசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெயர் காஸ்பர். வயது ஐம்பத்து மூன்று. கடல் தொழில். சொந்தமாக ஒரு பைபர் வள்ளமும் அதன் பின்னால் மாட்டும் மோட்டாரும் உண்டு. கூட வருகிறவன் சிலுவை. இன்று கோபம் வரவில்லை.

செப்டம்பர் 3, புதன்

காலையில் கரையை விட்டுப் பத்து நிமிஷம் போயிருப்போம். மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

டாக்டரம்மா படிப்பார் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன். வள்ளத்துக்குள் மண்ணெண்ணெய் டேங்க் இருக்கிறது. அதிலிருந்து மோட்டாருக்கு ஒரு ஓஸ் குழாய் போகிறது. ஓஸின் நடுவில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் பல்பு. அதை நாலைந்து தடவை அமுக்கினால் எண்ணெய் ஏறி, பல்பு கல் மாதிரி இறுகும். பிறகு கயிற்றை இழுத்தால் மோட்டார் ஓடும். அதற்கப்புறம் எண்ணெயை மோட்டாரே உறிஞ்சிக்கொள்ளும், நாம் ஒன்றும் செய்யவேண்டாம்.

இன்று பல்பு இறுகவே இல்லை. அமுக்க அமுக்க பழைய பரோட்டா மாதிரி தொளதொளவென்று இருந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. திரும்பி வரும்போது வழி முழுக்க சிலுவைதான் அமுக்கினான். கரையில் இறங்கியதும் கையைப் பார்த்து ஏதோ முனகினான். என்ன என்றேன். மறுபடியும் அதே முனகல். சிலுவை கொஞ்ச நாளாக வாய்க்குள்ளேயே பேசுகிறான். கேட்டால் முகத்தைச் சுளிக்கிறான்.

கோபம் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

டேங்க் மூடியில் காற்றுப் போகச் சின்னத் திருகு ஒன்று உண்டு. அது மூடியிருந்தால் எண்ணெய் இறங்காது. அதுதான் கோளாறு என்று கண்டுபிடித்தேன். திருகைத் திறந்தேன். அது ஏற்கனவே திறந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தேன், கழன்று கடலில் விழுந்துவிட்டது.

மத்தியானம் பிரகாசி பாய் வாங்கி வரச் சொன்னாள். வெயிலில் நடந்து போய் நல்ல கோரைப்பாயாகப் பார்த்து வாங்கி வந்தேன். "இதை ஊத்திக் காப்பி போடவா?" என்று கேட்கிறாள். பாய்க்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் பாலும் இல்லையாம்.

செப்டம்பர் 6, சனி

எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். டேங்கைக் கழற்றி எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டினேன். கைக்குக் கிடைத்த துணி அது. பூசைக்குப் போகும்போது பிரகாசி தலையில் போடும் முக்காடு என்று அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. முக்காடு மூன்று தடவை துவைத்தாகிவிட்டது, வாடை போகவில்லை.

இந்த ஊரில் மோட்டார் பார்க்கிற மெக்கானிக் ஒருவன்தான். என் தங்கை தெக்லாவின் புருஷன், லம்பர்ட். கடற்கரையில் ஓலைக்கொட்டகை போட்டு வைத்திருக்கிறான். அவனிடம் நான் பேசுவதில்லை. இந்த நோட்டில் அவனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசை. பிரகாசியைச் சுற்றி மண்ணெண்ணெய் வாடை. முன்பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

புதுச் சாமியார் பிரசங்கத்தை ரொம்ப மெல்லச் செய்கிறார். வலது பக்கம் பீடத்தைப் பார்க்கும்படி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் தெளிவாகப் பேசுகிறார். மைக் செட் சரியில்லை. பங்குப் பேரவையில் சொல்லவேண்டும்.

லம்பர்ட் மூன்றாவது பெஞ்சில் இருந்தான். இளைத்திருக்கிறான். நீலச் சட்டை. காலரில் தையல் விட்டிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டரம்மா கேட்பார் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். கோபத்தினால் அல்ல.

லம்பர்ட் என் வள்ளத்தில் பதினெட்டு வருஷம் வந்தவன். பாதி நாள் கடல், பாதி நாள் கொட்டகை. போன நவம்பரில் ஒரு நாள் கடலில் வைத்து, "பின்னால ஆள் கூப்பிடுதாங்க, கேக்கலியா மச்சான்?" என்றான். கேட்கவில்லை என்றேன். மறுபடி கேட்டான். யாரும் கூப்பிடவில்லை என்று சொன்னேன். கரைக்கு வந்ததும் மீன் ஏலம் விடுகிற இடத்தில், இருபது பேர் நிற்க, "மச்சானுக்குக் காது மந்தமாயிட்டு. இனி தனியா கடலுக்கு விடாதீங்க" என்றான்.

அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அன்றைக்கு அவனை வள்ளத்தைவிட்டு இறங்கச் சொன்னேன். பத்து மாதம் ஆகிறது. நான் அவனை நினைப்பதே இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பில்டரைக் கழற்றிக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது. மாட்டியபோது ஒரு வாஷர் மிச்சம் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மோட்டார் முன்னைவிட ஒரு நிமிஷம் முன்னாலேயே நின்றது.

சாயங்காலம் தெக்லா வந்தாள். திருக்கை மீன் குழம்பு கொண்டுவந்தாள். "அண்ணே, உங்க மோட்டார் காத்துக் குடிக்குதாம். அவுக கரையில நின்னு கேட்டே சொல்லிட்டாக" என்றாள். எனக்குத் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று என் முகத்துக்கு நேரே வந்து சொன்னாள். ஏன் எல்லோரும் இப்படிக் கிட்டே வந்து பேசுகிறார்களோ.

கரையில் நின்று கேட்டுச் சொல்கிற வைத்தியத்தை நான் ஏற்பதில்லை என்று சொல்லி அனுப்பினேன். குழம்பு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

அவன் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிட்டேன். காற்று உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே ஒழுகவேண்டும் அல்லவா? டேங்கிலிருந்து மோட்டார் வரை ஓஸை வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. சிலுவையிடமும் காட்டினேன். அவன் காதை ஓஸ் பக்கம் வைத்து, டேங்க் முனையைக் காட்டி ஏதோ முனகினான். "நல்லாப் பேசுடா" என்றேன். கையை உதறிவிட்டுப் போய்விட்டான்.

காகிதத்தை லம்பர்ட் கொட்டகைக்கு எதிரே உள்ள கம்பத்தில் ஒட்டலாமா என்று நினைத்தேன். கோபத்தினால் அல்ல, தகவலுக்காக.

செப்டம்பர் 11, வியாழன்

டவுனில் மோட்டார் சாமான் விற்கிற கடைக்குப் போன் போட்டேன். வலது கையில் பேனா இருந்ததால் போனை இடது காதில் வைத்தேன். கடைக்காரன் தம்பி பொறுமையானவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓரம் மாத்துங்கண்ணே, சரியாயிரும்" என்றான்.

"எந்த ஓரம்?"

"டேங்க் பக்கத்து ஓரம். தேஞ்சிருக்கும்."

ஓரம் எப்படித் தேயும் என்று கேட்டேன். "ஓடுற வண்டியில எல்லாம் தேயும்ணே" என்றான். விஷயம் தெரிந்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

இத்தனை வருஷமாக டேங்க் வள்ளத்தின் இடது ஓரத்தில் இருக்கிறது. இன்று வலது ஓரத்துக்கு மாற்றினேன். ஓஸ் எட்டவில்லை. வலையை நகர்த்தி, ஐஸ் பெட்டியை நகர்த்தி, ஒரு வழியாக எட்டவைத்தேன். அரை நாள் வேலை.

எல்லாக் கனமும் வலது பக்கம் வந்துவிட்டதால் வள்ளம் ஒருபுறமாகச் சாய்ந்தது. சிலுவையை இடது விளிம்பில் உட்காரச் சொன்னேன். அவன் அங்கே உட்கார்ந்தால் பல்பை அமுக்கக் கை எட்டவில்லை. இங்கே உட்கார்ந்தால் வள்ளம் சாய்கிறது. பக்கத்தில் போன வள்ளத்துக்காரர்கள் என்னவோ கேட்டார்கள். சிலுவை ஒரே வார்த்தையில் பதில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, இந்தத் தடவை சத்தமாகவே, "ஒண்ணுமில்ல" என்றான்.

மோட்டார் பதினோரு நிமிஷம் ஓடியது. ஒரு நிமிஷம் முன்னேற்றம்.

செப்டம்பர் 13, சனி

டேங்கை மறுபடி இடது ஓரத்துக்கு மாற்றினேன். பலத்த காற்று. கடலுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

நல்ல சாளைப்பாடு, வலை போட்டால் மத்தி மீன் அள்ளலாம். போகாமல் இருக்க மனசில்லை. இன்று சிலுவை வலையைப் பார்க்க, நான் பல்பை அமுக்கிக்கொண்டு ஓட்டினேன். இடது கையில் மோட்டார் பிடி, வலது கையில் பல்பு, தலை குனிந்தபடி. கை ஓய்ந்து கொஞ்சம் விட்டதும் வழக்கம்போல மோட்டார் நின்றது. பல்பையே பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது சிலுவை வள்ளத்தின் முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். ஈ விரட்டுகிறான் என்று நினைத்தேன்.

பிறகு அவன் தாவி வந்து துடுப்பை எடுத்துத் தண்ணீரைக் குத்தித் தள்ளினான். வள்ளம் ஒரு பாகம், ஆறடி இருக்கும், நகர்ந்தது. என் இடது பக்கம் பெரிய நிழல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஒரு லாஞ்சு, பெரிய விசைப்படகு. அதன் பச்சைப் பெயிண்டில் ஒட்டியிருந்த சிப்பிகளை எண்ணலாம், அவ்வளவு கிட்டே. மேலே நின்றவர்கள் வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினார்கள். அது போனபின் வள்ளம் வெகுநேரம் ஆடியது.

"அஞ்சு தடவை ஆரன் அடிச்சான்" என்றான் சிலுவை. முகம் வெளுத்திருந்தது. "அஞ்சு தடவை, காஸ்பர்."

லாஞ்சுக்காரர்கள் இப்போதெல்லாம் ஆரனைச் சரியாக வைத்துக்கொள்வதில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

சிலுவை வரவில்லை. வயிற்றுவலியாம். அவன் வீட்டம்மா வாசலில் நின்று சொன்னாள். உள்ளே அவன் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் 17, புதன்

இன்று கோபம் வந்தது. டாக்டரம்மா கவனத்துக்கு.

வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்திருந்தேன். நானும் மோட்டாரும் மட்டும்தான். கார்புரேட்டரையே கழற்றிவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தபோது மணலில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருவன் சிலுவை. வயிற்றுவலி போய்விட்டது போல. இன்னொருவன் லம்பர்ட், கையில் சாமான் பெட்டி.

"யாரும் கூப்பிடல" என்றேன்.

அவன் ஏதோ சொன்னான். கடல் இரைச்சல். நான் மோட்டார் மேல் குனிந்துகொண்டேன். அவன் சுற்றிக்கொண்டு வந்து எனக்கு நேராக நின்று, நிதானமாகச் சொன்னான்.

"கூப்பிடலதான். சிலுவை அண்ணன் முந்தாநாள் நடந்ததைச் சொன்னாரு. எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல. மோட்டாரை மட்டும் பாத்துட்டுப் போயிருதேன்."

"கரையில நின்னே சொன்னியாமே. பிறகு என்னத்துக்குப் பாக்கணும்?"

"காத்துக் குடிக்குதுன்னுதான் சொன்னேன். எந்த இடத்துலன்னு கிட்ட வந்துதான் பாக்க முடியும்."

வெள்ளைக் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை என்பதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கமாட்டான். அப்புறம் கோபப்பட முடியாமல் போய்விடுகிறது.

"வெளிய ஒழுகாது மச்சான். மோட்டார் டேங்குலேருந்து உறிஞ்சுதுல்லா, உறிஞ்சும்போது காத்து உள்ள போவும். எண்ணெய் வெளிய வராது. ஒழுக்கைத் தேடுனா கிடைக்காது."

குனிந்து பல்பை ஒரு தடவை அமுக்கி விட்டான். தலையைச் சாய்த்து ஓஸ் முழுக்கக் காதைக் கொண்டுபோனான். டேங்கில் ஓஸ் மாட்டுகிற முனை வந்ததும் நின்றான். இன்னொரு தடவை அமுக்கினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன நவம்பரில் பார்த்த அதே பார்வை. இப்போது கேட்பான், கேக்கலியா மச்சான் என்று. சிலுவை வேறு நிற்கிறான். ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவன் கேட்கவில்லை. என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தான். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து டேங்க் முனையில், ஓஸ் சேருகிற இடுக்கில் வைத்தான்.

"இப்ப அமுக்கி விடுதேன். பாருங்க."

பல்பு சுருங்கியது. விட்டதும் மெல்ல உப்பியது. அந்த நேரம் பார்த்து என் விரல் நுனியை ஏதோ உறிஞ்சியது. குட்டி மீன் வாய் வைத்தது மாதிரி. மறுபடி அமுக்கினான். மறுபடி உறிஞ்சியது.

"இருக்கு" என்றேன்.

"இருக்குல்லா?"

"ம். இருக்கு."

இரண்டு வாரமாக நான் தேடியது அந்த இடுக்கில் இருந்தது. முனையைக் கழற்றினான். உள்ளேயிருந்து மோதிரம் மாதிரி சின்ன ரப்பர் வளையம் ஒன்று வந்தது. ஒரு பக்கம் தேய்ந்து நூலாகியிருந்தது. "இதான் ஓரிங். இதை மாத்துனா போதும்" என்றான்.

"ஓரமா?"

"ஓரிங்."

டவுன் கடைத் தம்பி நினைவுக்கு வந்தான். வலது ஓரம், இடது ஓரம், அரை நாள் வேலை, எல்லாம் நினைவுக்கு வந்தன. சிலுவை கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. டேங்கை மாற்றிய அன்றைக்கே அவனுக்கு விஷயம் தெரியும் என்று நினைக்கிறேன்.

புது வளையம் போட்டதும் ஐந்தாவது அமுக்கில் பல்பு கல் மாதிரி இறுகியது. லம்பர்ட் பெட்டியை மூடினான். நன்றி சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். "காலர் கிழிஞ்சிருக்கு" என்று வந்தது.

"தெரியும்" என்றான். போய்விட்டான்.

செப்டம்பர் 18, வியாழன்

சிலுவை வரத் தயார், ஆனால் ஒரு நிபந்தனை. லம்பர்ட்டும் வந்தால்தான் ஏறுவானாம். பதினைந்து வருஷத்தில் சிலுவை இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது, ஏனென்றால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

பிரகாசியிடம் கேட்டேன். "எனக்குக் காது மந்தமா?" என்று நேராகவே கேட்டேன்.

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். பிறகு உள்ளே போய் அந்தக் கோரைப்பாயை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். "உக்காருங்க" என்றாள். "நான் பால் வாங்கிட்டு வரச் சொன்னேன்." சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதாள். ஒரு வருஷமாக நான் கடலுக்குப் போகும்போதெல்லாம் வாசலிலேயே நிற்கிறாளாம். அவள் பின்னாலிருந்து கூப்பிடுவதைக் கேட்காமல் நான் போய்க்கொண்டே இருப்பேனாம்.

பாய் நல்ல பாய்தான். இருவரும் அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சாயங்காலம் லம்பர்ட் கொட்டகைக்குப் போனேன். "நாளைக்கு அஞ்சு மணிக்கு" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான்.

செப்டம்பர் 19, வெள்ளி

மூன்று பேரும் போனோம். மோட்டார் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. சாளை நிறையப் பட்டது. கை ஓய்ந்துபோகிற அளவுக்கு.

திரும்பும்போது சிலுவை முன்னால் வலைமேல் படுத்துத் தூங்கினான். லம்பர்ட் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவன்தான் முதலில் ஆரம்பித்தான், என் முகத்தைப் பார்த்து, சத்தமாக.

"ஏலத்துல வச்சு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மச்சான். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும். அன்னிக்குப் பின்னால கூப்பிட்டது செலஸ்டின் வள்ளம். அவன் வலை நம்ம மோட்டார்ல சிக்கப் பாத்துச்சு. நான் பயந்துட்டேன். பயத்துல வாய் முந்திட்டு."

கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். செலஸ்டின் வள்ளமும் இன்னும் மூன்று வள்ளங்களும் பக்கத்தில் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. இதை இப்போது சொல்லாவிட்டால் கரைக்குப் போனபின் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"மாப்பிள, எனக்கு இடது காது கேக்கல" என்றேன்.

அவன் கையைக் காதில் குவித்து, "என்ன?" என்றான். மோட்டார் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். "என்ன மச்சான் சொல்லுதிய?" என்று முன்னால் சாய்ந்தான். மோட்டார் அவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு வருஷமாக என்னிடமே நான் சொல்லிக்கொள்ளாத விஷயம். மூன்றாவது தடவையாக, நெஞ்சில் இருந்த காற்று முழுக்கச் சேர்த்துக் கத்தினேன்.

"எனக்கு இடது காது கேக்கலடா."

அதே நேரம் பிடியில் இருந்த என் கை தளர்ந்து மோட்டார் வேகம் அடங்கிவிட்டது. கத்தியது மட்டும் தண்ணீர்மேல் தனியாகப் போனது. நாலு வள்ளத்திலும் தலைகள் திரும்பின. சிலுவை எழுந்து உட்கார்ந்தான். செலஸ்டின் தன் வள்ளத்திலிருந்து நிதானமாகக் கையைத் தூக்கிக் காட்டினான், சரி, தெரிந்துகொண்டேன் என்கிற மாதிரி.

லம்பர்ட் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "காது போனது தெரியும். எந்தக் காதுன்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றான். எழுந்து, வள்ளம் ஆடாமல் காலை எடுத்து வைத்து, என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தான். "இந்தப் பக்கம் வர்றதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஓட்டுங்க."

மோட்டாரை முறுக்கினேன். கரை வரும்வரை அவன் பேசிக்கொண்டே வந்தான். பத்து மாதத்துப் பேச்சு. அந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னதால் எனக்குப் பாதிதான் கேட்டது. மீதிக்கு ம் போட்டுக்கொண்டு வந்தேன்.